உப்பாற்றுக்குள் நிறுத்திய ஸ்கூட்டர்

என் மனைவி அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது இரண்டு உயிர்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஒன்று, தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடி. இன்னொன்று, அவளுடைய ஸ்கூட்டர். செடியைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது காலமாகி நாளாகிவிட்டது.

“வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிருங்க. இல்லாட்டி பேட்டரி போயிரும்” என்று திருச்சி விமான நிலைய வாசலில் சொன்னாள். பக்கத்தில் நின்ற மற்ற பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் சொல்வதற்கு வேறு வாக்கியங்கள் வைத்திருந்தார்கள்.

அந்த வெளிர்நீல ஸ்கூட்டர் காரைக்குடியில் ஓரளவு பிரசித்தம். நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் வண்டி ஓட்டப் பழகியதில் ஊருக்கு ஆச்சரியமில்லை; பின்னால் புருஷன் உட்கார்ந்து போனதுதான் காட்சி. மடியில் காய்கறிப் பை, ஒடுக்கிய முழங்கால்கள், வேகத்தடை வரும்போதெல்லாம் குன்றக்குடி முருகனின் பெயர் என்று நான் செக்காலை ரோட்டில் போவதைப் பலர் நின்று பார்த்திருக்கிறார்கள். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். தெரிந்திருப்பதற்கும் அவள் சாவியைத் தருவதற்கும் நடுவில் நெடுந்தூரம் இருந்தது.

மகளுக்கு டல்லாஸில் குழந்தை பிறந்தது. அம்மா போனாள், அப்பா இருந்தேன். எனக்கு அலுவலகம் இருந்தது என்பது காரணம். குழந்தையைக் குளிப்பாட்ட, அழுதால் தோளில் போட, மகளுக்குப் பத்தியம் சமைக்க என்று எதற்கும் நான் உதவமாட்டேன் என்பது உண்மைக் காரணம். எல்லோரும் முதல் காரணத்தையே சொன்னோம்.

எங்கள் குலக்கோயிலான இளையாத்தங்குடிக் கோயிலில் வரி எழுதும்போது தலைகளை எண்ணுவதில்லை. கல்யாணமான புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. இருவருமே உயிரோடு, ஆனால் பகலும் இரவும் மாறிக் கிடக்கிற இரண்டு கண்டங்களில் இருந்தால் என்ன கணக்கு என்று எந்தப் பெரியவரும் யோசித்து வைக்கவில்லை.

தினமும் காலை ஏழரைக்கு வீடியோவில் வருவாள். அங்கே முந்தின நாள் இரவு. நான் திங்கட்கிழமைக்குள் இருப்பேன், அவள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசுவாள்.

“சாப்டீகளா?”

“ஆச்சு.”

“என்ன?”

“இட்லி.”

“வேற?”

இந்த ‘வேற’தான் என்னை வதைத்தது. அது இட்லிக்குப் பிறகு என்ன சாப்பிட்டேன் என்ற கேள்வி இல்லை. வேறு என்ன செய்தீர்கள், வேறு யாரைப் பார்த்தீர்கள், நான் இல்லாத அந்த வீட்டில் வேறு என்ன நடக்கிறது என்கிற கேள்வி. அவளிடம் சொல்ல நூறு விஷயம் இருக்கும். குழந்தை குப்புற விழுந்தது, மாப்பிள்ளைக்கு வத்தக்குழம்பு பிடித்துப்போனது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி முறுக்கு கேட்டு வந்தது. என் பக்கத்தில் இட்லி. மறுநாளும் இட்லி. ஒருநாள் வேறு வழியில்லாமல் “இன்னைக்குப் பொங்கல்” என்று பொய் சொன்னேன். “யாரு செஞ்சு குடுத்தா?” என்று ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

ஆறு மாதம் முடியும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். மகள் பின்னால் எங்கோ பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இவ இன்னும் மூணு மாசம் இருக்கச் சொல்றா. வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா, பிள்ளைய விட்டுட்டுப் போக மனசில்லாம இருக்கு. நீங்க என்ன சொல்றீக?”

“நான் என்ன சொல்றது?”

“நீங்க வான்னு சொன்னா டிக்கெட்டப் போட்டுருவேன். இருன்னா விசாவ நீட்டிக்கக் கேக்கணும். அதுக்கு ஒரு கெடு இருக்கு. திங்கக்கிழமை காலையில கூப்புடும்போது சொல்லிருங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு இதுல?” என்றாள். கொஞ்ச நேரம் திரையில் என்னையே பார்த்தாள். அல்லது தன்னையே பார்த்தாளோ என்னவோ, அந்த வீடியோவில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று தெரிவதில்லை.

‘வா’. தமிழில் இதைவிடச் சின்ன வாக்கியம் கிடையாது. ஆனால் நான் அவளிடம் இதுவரை எதையும் நேராகக் கேட்டவன் இல்லை. காபி வேண்டுமென்றால், “இந்த வீட்டில் காபி என்று ஒரு பானம் புழக்கத்தில் இருந்ததாகக் கேள்வி” என்று கூடத்தைப் பார்த்துச் சொல்வேன். காபி வந்துவிடும். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிற ஆளுக்கு இது தொழில் வியாதி. எல்லாவற்றையும் கொஞ்சம் கோணலாகத்தான் சொல்ல வரும். ‘வா’ என்பதைக் கோணலாகச் சொல்ல வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன். வழக்கமாக வாசலில் கொஞ்ச நேரம் உறுமவிட்டு, நானும் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றுவிட்டு, அணைத்துவிடுவேன். அன்று ஏறி உட்கார்ந்தேன். கடலுக்குப் போகலாம் என்று தோன்றியது. நாளைக்கு ‘வேற?’ என்று கேட்டால் கடல் என்று சொல்லலாம். அப்படியே பேச்சுவாக்கில் அந்த இன்னொன்றையும் சொல்லிவிடலாம்.

எங்கள் முன்னோர்கள் கடல் தாண்டிப் போனவர்கள் என்று கல்யாண வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். பர்மா, மலேயா, சைகோன். அந்த வம்சத்தில் வந்த நான், ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற தொண்டிக் கடற்கரைக்கு அதுவரை போனதில்லை. தேவகோட்டை, திருவாடானை தாண்டினேன். ஊர்கள் மெலிந்துகொண்டே வந்தன. சீமைக்கருவேலம் மட்டும் சளைக்காமல் கூட வந்தது. தொண்டிக்குத் தெற்கே ஒரு மண் பாதை கிழக்கே பிரிந்தது, பிரிந்தேன்.

பாதை முடிந்த இடத்தில் ஓர் உப்பாறு இருந்தது. ஆறு என்று பெயர்தான். மலையிலிருந்து வருகிற ஆறு இல்லை, கடல் நிலத்துக்குள் நீட்டிய விரல். அகலமான படுகை, கெட்டித்த மணலும் சேறும், நடுவில் ஒரு நூலளவுக்குத் தண்ணீர். எதிர்க்கரையில், வேர்களை மண்ணுக்கு மேலே ஈட்டி ஈட்டியாக நீட்டி மூச்சுவிடுகிற அலையாத்தி மரங்கள். அதற்கு அப்பால்தான் கடற்கரை இருக்க வேண்டும்.

நான் செய்தது எங்கள் பக்கத்து ஆள் எவரும் செய்யக்கூடியதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். கண்மாய் நாட்டுக்காரனுக்கு வற்றிய படுகை என்பது சாலை. கோடையில் நாங்கள் கண்மாய்க்குள் நடப்போம், கிரிக்கெட் ஆடுவோம், திருவிழாவுக்கு வருகிற வேன்களை வரிசையாக நிறுத்துவோம். வற்றிய தண்ணீர் அடுத்த ஐப்பசி வரை திரும்பாது. ஸ்கூட்டரை மெதுவாகப் படுகையில் இறக்கி, நூல் தண்ணீரைத் தாண்டி, எதிர்க்கரை ஓரமாக ஓர் அலையாத்தி நிழலில் நிறுத்தினேன். அவளுடைய வண்டியை வெயிலில் நிறுத்தினால் சீட் வெடித்துவிடும் என்பது எனக்கு விதிக்கப்பட்ட சட்டங்களில் ஒன்று.

அந்த மரத்தின் அடியில் தொடை உயரத்துக்கு ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே சேறு, மேலே சுத்தமான பட்டை. எனக்குப் பழகிய கோடுதான். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் இப்படி இருக்கும். பார்த்தவுடன், ‘எப்பவோ நல்ல மழை பெஞ்ச வருசத்து அடையாளம்’ என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படியே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கோடு ஈரமாக இருந்தது. அதையும் கவனித்தேன். நிழலில் இருப்பதால் காயவில்லை என்று முடிவுகட்டினேன். தவிர, எங்கள் ஊரில் தண்ணீர் மேலே இருந்து வரும். வருவதற்கு முன் வானத்தில் அறிவிப்பு இருக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

செருப்பை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் கழற்றி வைத்தேன். கரையோரமாகவே வெறுங்காலோடு நடந்தேன்.

சேற்றில் சின்ன நண்டுகள். நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்துத்தான் ஆட்டுகின்றன என்று ஒரு கணம் மரியாதையாக நின்றுவிட்டேன். பிறகு எங்கோ படித்தது ஞாபகம் வந்தது: அவை ஆண் நண்டுகள், வளைக்குள் வரச் சொல்லிப் பெண் நண்டுகளைக் கூப்பிடுகின்றன. வா, வா, வா. வெட்கம் மானம் இல்லாமல், பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க. நான் நெருங்கியதும் அத்தனையும் வளைக்குள் மறைந்தன. தாண்டியதும் வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

உப்பாறு இரண்டு முறை வளைந்து, மணல் திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கடலில் சேர்ந்தது. சேர்ந்தது என்பதுகூட எனக்கு உடனே விளங்கவில்லை. கடல் என்றால் அலை இருக்கும், இரைச்சல் இருக்கும், நுரை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே கடல் எங்கள் ஊருணி மாதிரி அசையாமல் கிடந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் பச்சை. கரையெல்லாம் காய்ந்த கடல்புல் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடந்தது. மிதித்தால் பழைய மெத்தை மாதிரி அமுங்கியது. தொலைவில் ஒரு படகு, ஆளில்லாமல், பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்திருந்தது. மனிதர் யாரும் கண்ணில் படவில்லை.

படம் எடுத்தேன். நாளைக்குக் காட்ட வேண்டுமே. கடலை எடுத்தேன், படகை எடுத்தேன், புல்லை எடுத்தேன். பார்த்தால் எல்லாப் படத்திலும் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. என்னையே எடுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். திரையில் தெரிந்தவன் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த ஆள் போல இருந்தான். அழித்துவிட்டேன். கடைசியில் மணலில் விழுந்த என் நிழலை எடுத்தேன். நிழல் நன்றாக இருந்தது. தொப்பை தெரியவில்லை.

கடற்கரையோடு நெடுக நடந்தேன். ஒரு பக்கம் சங்குத் துண்டுகளும் நண்டு ஓடுகளும், இன்னொரு பக்கம் அசையாத கடல். வீட்டில் தனியாக இருக்கும்போது குறைந்தபட்சம் ஃபிரிட்ஜ் சத்தம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வந்த வழி முழுக்க என் காலடிகள் மட்டும், ஒற்றை வரிசையாக. வண்டியில் போகும்போது நான் எப்போதும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனவன். முன்னால் ஒன்றுமில்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில், மணல் திட்டில் நின்று ஒத்திகை பார்த்தேன். யாருமில்லாத இடம், வெட்கப்பட வேண்டியதில்லை.

“வந்துரு” என்றேன் கடலைப் பார்த்து. அதிகாரமாக இருந்தது.

“எப்ப வர்றே?” பஸ் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

“வாயேன்.” இது பரவாயில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “வாயேன்!”

“யாரண்ணே கூப்புடுறீக? கடலையா?”

அலையாத்தி வேர்களுக்குள்ளிருந்து ஒரு பெண் நிமிர்ந்தாள். சேலையை முழங்காலுக்குச் சொருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கையில் நண்டு குத்துகிற கம்பியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அது கூப்புடாமயே வரும்ணே” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு சிரித்தாள். “ஒத்தையில வந்தீகளா? வீட்ல வரலையா?”

“ஊருக்குப் போயிருக்காங்க.”

“எந்த ஊருக்கு?”

“அமெரிக்கா.”

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். “அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமாத்தான் கூப்புடணும்” என்றாள்.

நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னுடைய நகைச்சுவைக்கு அல்லாமல் வேறொருவருடையதற்குச் சிரித்தேன்.

“வண்டியில வந்தீகளா?”

“ஆமா. அந்தா, அங்குட்டு மரத்தடியில நிக்குது.”

“மேட்டுலதான நிப்பாட்டியிருக்கீக?”

“மேடுதான்” என்றேன். எனக்கு அது மேடாகத்தான் தெரிந்தது.

அவள் மறுபடியும் வேர்களுக்குள் குனிந்தாள். நான் உப்பாற்றின் கரையோடு என் காலடிகளைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். முதல் வளைவில் காலடிகள் தண்ணீருக்குள் போயின. மறுபடி வெளியே வரவில்லை.

தண்ணீர் எந்தச் சத்தமும் போடாமல் வந்திருந்தது. மழை இல்லை, வெள்ளம் இல்லை, நுரை இல்லை. கால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிற மனிதர் மாதிரி வந்து, படுகை முழுவதும் பரவி, நண்டு வளைகளையெல்லாம் மூடியிருந்தது. இரண்டாவது வளைவு திரும்பியபோது ஸ்கூட்டர் தெரிந்தது. கால்வைக்கும் இடம் வரை முழுகி, நிழலில், சட்டப்படி நின்றுகொண்டிருந்தது. என் செருப்புகளில் ஒன்று அதைச் சுற்றி நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. மற்றது விடைபெற்றுப் போய்விட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தள்ளினேன், இழுத்தேன், தூக்கப் பார்த்தேன். சக்கரங்கள் சேற்றுக்குள் போயிருந்தன. ஸ்டாண்டை எடுத்தால் சாய்ந்துவிடும் போலிருந்தது. அவள் இந்த வண்டியைக் குழாயடியில் வைத்துக் கழுவும்போதுகூட, எஞ்சின் பக்கம் தண்ணீர் படாமல் ஈரத்துணியால் துடைப்பாள். முகம் துடைக்கிற மாதிரி.

சீட் இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெட்டி உண்டு. இந்த ஆறு மாதத்தில் நான் திறந்ததில்லை. அது அவள் இடம். முழுகுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று சாவியைத் திருகித் திறந்தேன். மடித்த மழைக்கோட்டு. ஒரு மஞ்சப்பை. ஒரு ஹேர்கிளிப். வெயிலுக்கு அவள் போட்டுக்கொள்கிற பருத்திக் கையுறை ஒரு ஜோடி.

கையுறைகளை மட்டும் மடித்து வைத்திருக்கவில்லை. கழற்றிப் போட்டபடி கிடந்தன. விரல்கள் உள்நோக்கி வளைந்து, ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியிலேயே நின்றன.

எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினேன். மஞ்சப்பைக்குள் மற்றவற்றைப் போட்டேன். கையுறைகளின் நுனி நனைந்துவிட்டதால், அவற்றை மட்டும் ஒரு கிளையில் செருகிக் காயவைத்தேன். காற்றடித்தபோது அவை அசைந்தன. நண்டுகளை நினைக்காமலிருக்க முயன்றேன்.

பிறகு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. தண்ணீர் சீட்டைத் தொட்டது. கண்ணாடிகள் இரண்டும் வானத்தைக் காட்டின. மரத்தில் இருந்த கோடு, எந்த நல்ல மழை வருஷத்தையும் சேராமல், கடல் தினமும் ஏறி இறங்கிப் போட்ட அந்தக் கோடு, மெல்ல மெல்ல மறைந்தது. கண்மாயில் தண்ணீர் ஏறினால் ஊரே கரைக்கு ஓடிவரும். கண்மாய் நிறைந்து மறுகாலில் நுரை தள்ளும்போது கிடா வெட்டுகிறவர்கள் உண்டு. இங்கே இவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது, பார்க்க நான் ஒருவன்.

கைபேசியில் சிக்னல் இருந்தது. அங்கே விடியற்காலை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அவளும் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள். அழைத்தால் எடுத்துவிடுவாள் என்பதுதான் கஷ்டம். எடுத்து, “என்னங்க, என்ன ஆச்சு?” என்று கேட்டால், அந்த நிமிஷத்தில், அந்தக் கையுறைகளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நான் நேராகவே சொல்லியிருப்பேன். அவளை எழுப்ப வேண்டாம் என்று கைபேசியைப் பைக்குள் போட்டேன். நல்ல மனிதனாக நடந்துகொள்வதில் இருக்கிற வசதி இது: கோழைத்தனமும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும்.

வெயில் தாழ்ந்த பிறகு நண்டுக்காரப் பெண் வாளியோடு வந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

“இதுதான் மேடா?”

“எங்க ஊர்ல இது மேடு.”

“என்ன ஊருண்ணே அது!” என்றவள் கரையேறிப் போய் யாருக்கோ சத்தம் கொடுத்தாள். அவள் கொழுந்தனும் இன்னொரு ஆளும் கயிறோடு வந்தார்கள். கொழுந்தன் கொஞ்சநேரம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“வண்டிக்கு நீச்சல் பழக்குறீகளா சார்?”

“பழகிருச்சு. கரையேறத்தான் தெரியல.”

“தண்ணி எறங்கட்டும். இப்ப இழுத்தா நாமளும் சேந்து போவோம்.”

தண்ணீர் வந்தது போலவே, சொல்லிக்கொள்ளாமல் இறங்கியது. மரத்தின் கோடு மறுபடி வெளியே வந்தது, புத்தம்புது ஈரத்தோடு. கயிறு கட்டி நால்வரும் இழுத்தோம். ஸ்கூட்டர் சேற்றிலிருந்து ஒரு பெருமூச்சோடு கழன்று வந்தது. அவர்கள் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அதைப் படுக்கவைத்து, காரைக்குடி வரை கொண்டுவந்து விட்டார்கள். நான் முன்சீட்டில் வெறுங்காலோடு, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழக்கமான காய்கறிப் பை ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை. ஏழு மணிக்கே குளித்து, சட்டை போட்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் ‘வாயேன்’ சொல்லிவிடுவது, வண்டியைப் பற்றி அப்புறம் சொல்வது என்று வரிசை போட்டிருந்தேன்.

முகம் வந்தது. களைத்திருந்தாள். தோளில் குழந்தை.

“சாப்டீகளா?”

“ஆச்சு.”

“வேற?”

நான் வாயைத் திறந்தேன். “நேத்து உன் வண்டிக்குத் தீர்த்தவாரி நடந்துச்சு” என்று வந்தது.

அவ்வளவுதான். பிறகு என்னை நிறுத்த என்னாலேயே முடியவில்லை. கோடு, மேடு, மிதந்த செருப்பு, நீச்சல் என்று போனது. அவள் முதலில் “அய்யய்யோ” என்றாள். செருப்பு வந்தபோது சிரிக்க ஆரம்பித்தாள். கறிவேப்பிலைச் செடி காலமான கதையைச் சொன்னதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக, சைலன்சருக்குள்ளிருந்து ஒரு நண்டு இறங்கிவந்து மெக்கானிக்குக்கு வணக்கம் வைத்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்படி எந்த நண்டும் வரவில்லை. மெக்கானிக்கே இன்னும் வரவில்லை.

“ஏய், இங்க வாடி. அப்பச்சி சொல்றதக் கேளு.” மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார். “மறுபடி மொதல்லருந்து சொல்லுங்க” என்றாள். சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் நன்றாக வந்தது. மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகூடச் சிரித்தது, எதற்கென்று அதற்கே தெரிந்திருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி சொன்னாள்: “நாந்தான் இங்க கெடந்து கவலப்பட்டுக்கிட்டுக் கெடக்கேன், ஒத்தையில என்ன பண்றீகளோன்னு. நீங்க பாட்டுக்கு ஜாலியாத்தான் இருக்கீக.”

“இருக்கேன்.”

“அப்ப மூணு மாசம் நீட்டிக்கச் சொல்லிறவா? இவளும் பாவம்.”

அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. அவள் விட்ட இடைவெளி. எனக்காகத்தான் விட்டாள் என்று இப்போது தெரிகிறது. மூன்று பேர் முகங்களும் சிரிப்பு காயாமல் திரையை நிறைத்திருந்தன. அடுத்த வேடிக்கைக்காகக் காத்திருக்கிற முகங்கள்.

“சொல்லிரு” என்றேன். “அதுக்குள்ள வண்டிய இன்னொரு கடல்லயும் முக்கிப் பாக்குறேன்.”

மறுபடி சிரித்தார்கள். அவள் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டாள். “சரி. வண்டிய நல்லா கழுவச் சொல்லுங்க. உப்பு இருந்தா துருப்பிடிச்சுரும்” என்றாள். குழந்தை அழுதது. திரை அணைந்தது.

கையுறைகளைப் பற்றி நான் சொல்லவில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். வண்டி அப்போது மெக்கானிக்கிடம், உடம்பெல்லாம் பிரித்த நிலையில் இருந்தது. ஈசிஆர் ரோட்டில் இறங்கி, மண்பாதையில் நடந்து, இந்த முறை நிஜமான மேட்டில் உட்கார்ந்தேன். உப்பாறு வற்றிக் கிடந்தது. நண்டுகள் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின.

வேர்களுக்குள்ளிருந்து அவள் நிமிர்ந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அந்தக் கரையில் என்னை மறப்பதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

“வண்டி எங்கண்ணே?”

“ஆஸ்பத்திரியில.”

“அவுக? இன்னும் வரலையா?”

“சத்தம் பத்தல, தங்கச்சி” என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்பியை மண்ணில் ஊன்றிக்கொண்டு கொஞ்சநேரம் என்னோடு சேர்ந்து கடல் பக்கம் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, “தண்ணி வர்ற நேரம், மேலயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.